வோல்ற்றும் அம்பியரும்



நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்தே தலை நரைத்தவன். அத்தகைய ஒருவன் மின்சாரத்தைப் பற்றிப் பேச முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் மாற்றம் பெற்றுச் சென்றபின், ஒரு தவணை முழுவதும் அவருடைய இடம் வெறுமையாகவே இருந்தது. பதினோராம் தரத்து மாணவர் பரீட்சையை எதிர்நோக்கியிருக்க, நான் அலுவலகத்திலிருந்து கடிதங்களுக்கு விடை எழுதிக்கொண்டிருப்பதற்கு மனம் ஒப்பவில்லை. இரவில் நூலைப் படித்துக் காலையில் அதனைக் கற்பிக்கலானேன்.

முதலில் எதிர்ப்பட்டது ஓமின் விதி. ஜேர்மனியரான கேயோர்க் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரிற் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கொதிநீரின் வெப்பத்தையும் பனிக்கட்டியின் குளிரையும் கொண்டு தளராத மின்னழுத்தத்தைப் பெற்று, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூலைத் தாய்நாட்டில் ஆதரித்தோர் சிலரே. இங்கிலாந்தின் றோயல் கழகம் கொப்ளிப் பதக்கம் அளித்தது 1841இலேதான். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இந்த வரலாறு ஒருவகை ஆறுதல் தருவது.

அவர் கண்ட உண்மை சுருக்கமானது. வெப்பநிலை மாறாதிருக்க, கம்பியின் இரு முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதனூடாக ஓடும் மின்னோட்டமும் அத்தனை மடங்கு கூடும். ஆகவே வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் வருவது தடை. அதன் அலகு ஓம். அவ்விரண்டையும் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு வாற்று. உயரத்திலுள்ள தண்ணீர்த் தொட்டியையும் அதிலிருந்து வரும் குழாயையும் உவமை கூறுவது வழக்கம். உவமை நல்லதே, ஆயினும் குழாயை வெட்டினால் நீர் வெளியே கொட்டும், கம்பியை வெட்டினாலோ ஓட்டம் நின்றுவிடும். உவமையை எங்கே கைவிட வேண்டும் என்பதைத் தமிழாசிரியன் அறிந்திருக்க வேண்டாமா?

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. 2000 வாற்று என்று பொறிக்கப்பட்ட மின்சாரக் கேத்தலை எடுத்துக்கொள்வோம். 2000ஐ 230ஆல் வகுக்க, ஏறக்குறைய 8.7 அம்பியர். 230ஐ 8.7ஆல் வகுக்க, தடை ஏறக்குறைய 26 ஓம். இழையுள்ள பழைய 60 வாற்று மின்குமிழுக்கு இவ்வாறே கணக்கிட்டால், ஓட்டம் கால் அம்பியருக்குச் சற்று அதிகம். தடை ஏறக்குறைய 880 ஓம். இது குமிழ் எரியும்போது உள்ள தடை. குளிர்ந்த இழையின் தடை இதனிலும் மிகக் குறைவு.

கரும்பலகையில் இதனை எழுதி முடித்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், தடை இருப்பதால்தானே கம்பி சூடாகிறது? அப்படியானால் தடை குறைந்த கேத்தல் எப்படி அதிகம் சூடாகும்?" எனக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். அழுத்தம் 230இல் நிலைத்து நிற்பதால், தடை குறையக் குறைய ஓட்டம் பெருகுகிறது. ஓட்டம் பெருக வலுவும் பெருகுகிறது. ஆனால் சுவரினுள்ளே செல்லும் கம்பியின் நிலை வேறு. அதனூடாக எவ்வளவு ஓட்டம் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கேத்தலே. அவ்வோட்டத்தைத் தன்னாற் பெருக்கி, கம்பியின் தடையாலும் பெருக்கினால், கம்பியில் வெப்பமாகும் வலு கிடைக்கும். கம்பியின் தடை அரை ஓம் என்று கொண்டால், கேத்தலுக்காக அது தாங்கும் வெப்பம் ஏறக்குறைய 38 வாற்று. அதே கம்பியில் 1000 வாற்று மின்னழுத்தி ஒன்றையும் சேர்த்துவிட்டால் ஓட்டம் 13 அம்பியர். வெப்பமோ 85 வாற்று. ஓட்டம் ஒன்றரை மடங்கு, வெப்பம் இரண்டேகால் மடங்கு. தளர்ந்த இணைப்பு ஒன்று இடையில் இருப்பின், வெப்பத்தின் பெரும்பகுதி அந்தச் சிறிய இடத்திலேயே குவியும்.

மறுநாள் இதனை விளக்கினேன். அவள் குறிப்புப் புத்தகத்தை மூடவில்லை. "சேர், உங்கள் அலுவலகத்துக் கேத்தல் 5 அம்பியர்ப் பொருத்தியில்தானே இருக்கிறது?" என்றாள்.

வகுப்பு நகைத்தது, நான் நகைக்கவில்லை. 5 அம்பியரை 230ஆற் பெருக்கினால் 1150 வாற்று. அதற்கு மேற்பட்டதை அப்பொருத்தி தாங்குவதற்கில்லை. அதில் 2000 வாற்றை ஈராண்டாகக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். இருமுறை உருகி அறுந்தபோது, அடிக்கடி அறுகிறதே என்று தடித்த செப்புக் கம்பியை இடச் சொன்னவனும் நானே. எச்சரிக்கை செய்த காவலாளியை வாய்மூட வைத்த செயல் அது. அலுவலகத்தின் அடுத்த அறை சிறு பிள்ளைகளின் வகுப்பறை.

இடைவேளையில் பிரதான ஆளியை நிறுத்தி, மின்வேலை தெரிந்தவரை அழைத்து, மூடியைக் கழற்றச் செய்தோம். உள்ளே கம்பியின் உறை கருகிப் பொடியாக உதிர்ந்தது. கேத்தலுக்கெனத் தடித்த கம்பியும் 15 அம்பியர்ப் பொருத்தியும் தனியே அமைக்கும்வரை, இரு கிழமைகள் அலுவலகத்தில் தேநீர் இல்லை. கருகிய பொருத்தியை விஞ்ஞான கூடத்து மேசையில் வைத்திருக்கிறேன். புதிய விஞ்ஞான ஆசிரியர் வந்துவிட்டார். தடையைக் கற்பிக்கும் நாளில் அதனைக் கையிலெடுத்துக்கொள்கிறார். அது எங்கிருந்து வந்தது என்பதை மாணவர் அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.