அறுபத்து மூணு கோடியும் ஒரு "தெரியலை"யும்

(தலைப்பு: பிள்ளைகள் கணக்கில் பின்தங்கக் காரணம் பள்ளியா, வீடா? "வீடே" என்ற அணியில் சின்னாளப்பட்டி கைத்தறி நெசவாளர் ஒருவரின் பேச்சு.)

நான் எட்டாவது தாண்டாத தறிக்காரன். நான் சொல்லப்போறது எல்லாம், பத்தாவது படிக்கிற என் மக நூலகப் புத்தகத்துல படிச்சுக் காட்டினது.

எதிரணிச் சகோதரி, "வாத்தியார் சரியில்லே"ன்னாங்க. ஏம்மா, கணக்கு வாத்தியார்கிட்ட பிள்ளை இருக்கிறது ஒரு மணி நேரம். மிச்ச நேரம் நம்மகிட்டதானே? "தெரியலைப்பா"ன்னு பிள்ளை சொன்னா வீட்டுல என்ன கிடைக்குது? குட்டு! (சிரிப்பு) அந்தக் குட்டுக்குப் பயந்தே கணக்கை வெறுத்து, படிப்பை விட்டுட்டுத் தறிக்கு வந்த பிள்ளைங்க எங்க தெருவுல உண்டுங்க.

"தெரியலை"ங்கறது குத்தமா? கும்பகோணத்துல வளர்ந்த ராமானுஜன் 1914-ல இங்கிலாந்து போனார். உடம்பு முடியாம லண்டன் பட்னியில படுத்திருந்தப்ப பேராசிரியர் ஹார்டி பார்க்க வந்தார். வந்த டாக்ஸியோட நம்பர் 1729, அதுல விசேஷம் ஒண்ணுமில்லேன்னார். ராமானுஜன் மறுத்தார். 1, 12 ரெண்டோட கனத்தைக் கூட்டினாலும் 1729. 9, 10 ரெண்டோட கனத்தைக் கூட்டினாலும் 1729. இப்படி ரெண்டு விதமா வர்ற மிகச் சின்ன எண் அதுதான்! (கைதட்டல்)

இதுக்குக் கைதட்டறோம். அடுத்து நடந்ததைத்தான் விட்டுடறோம். ஹார்டி, "நாலாம் அடுக்குல இப்படி ஒரு எண் உண்டா?"ன்னு கேட்டார். நாலாம் அடுக்குன்னா 2 × 2 × 2 × 2 = 16, அந்த மாதிரி. ராமானுஜன் யோசிச்சார். சட்டுனு எதுவும் தோணலை, ஆனா அந்த முதல் எண் ரொம்பப் பெரிசா இருக்கணும்னார்.

எவ்வளவு பெரிசு தெரியுமா? 63,53,18,657! 59, 158 ரெண்டோட நாலாம் அடுக்கைக் கூட்டினாலும் இது வரும். 133, 134-ஐ அப்படிக் கூட்டினாலும் இதேதான் வரும். இதை ஆய்லர்ங்கற மேதை பதினெட்டாம் நூற்றாண்டுலயே கண்டுபிடிச்சிருந்தார். இதைவிடச் சின்னதா அப்படி ஒண்ணு கிடையாது.

நடுவர்: ஏங்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கு?

தறிக்கணக்குல சொல்றேங்கய்யா. இந்த எண்ணுக்குள்ள கன எண்கள் 859 இருக்கு. நாலாம் அடுக்கு எண்கள் வெறும் 158தான். இழை நெருக்கமா இருந்தா ரெண்டு நூல் சீக்கிரம் ஒட்டிக்கும். விலகி விலகி இருந்தா? (கைதட்டல்)

ராமானுஜனுக்கு அன்னைக்கு விடை தெரியலை. ஆனா விடை எந்தப் பக்கம் இருக்கும்னு சொன்னார் பாருங்க, அதுவும் கணக்குதானுங்க! உங்க பிள்ளை "தெரியலை"ன்னா கையை ஓங்காதீங்க. "பெரிசா வருமா, சின்னதா வருமா, நீ என்ன நினைக்கறே?"ன்னு கேளுங்க. அதைக் கேட்க எட்டாவது படிப்பே போதும். (பலத்த கைதட்டல்)