அடையாறும் ஒரு தங்கையும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், விவரம் தெரிந்த உறவினர் யாராவது சொல்வார்: "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போங்க." மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டார்; சொல்லவும் தேவையில்லை. சென்னையில் ஒரு பகுதியின் பெயரே அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயராகிவிட்டது. அது உருவானதற்குப் பின்னால், 1923-ல் இறந்துபோன ஒரு தங்கை இருக்கிறார்.

அக்கா, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பையன்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கு நடுவே இடம் பெற்றுப் படித்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே பெண் டாக்டர் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம்! ஆனால் தங்கைக்குப் புற்றுநோய் வந்தபோது அந்தப் படிப்பு கைகொடுக்கவில்லை. நோயின் கொடுமை என்னவென்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர், அதைச் சொந்தத் தங்கையின் உடம்பில் பார்த்தார்.

சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை திதி, படத்துக்கு ஒரு மாலை, போனவருக்குப் பிடித்த பலகாரம். இவையெல்லாம் அன்பின் காரியங்கள்தான். முத்துலட்சுமிக்கு இவை போதவில்லை என்றே தோன்றுகிறது. தங்கைக்குக் கிடைக்காத சிகிச்சை அடுத்தவர் வீட்டுத் தங்கைக்காவது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்தவற்றைச் சொன்னாலே மூச்சு வாங்கும். லண்டனில் மேற்பயிற்சி, சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறையை ஒழிக்க மசோதா, ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம். இத்தனைக்கும் நடுவில் தங்கையை மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா கொண்டாடியபோது, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

உடனே கிடைத்துவிடவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே நினைத்த காலம். அந்த நினைப்போடுதான் அவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் அவரோடு சேர்ந்து நன்கொடை திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மொத்தம் 12 படுக்கைகள்.

தங்கை போய் 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காவுக்கு 67 வயது. 31 ஆண்டுகள் ஒரு துக்கத்தை மனத்தில் வைத்திருப்பது பலருக்கும் முடியும். அதை இத்தனை காலம் ஒரு வேலையாகவே சுமந்து திரிவது எத்தனை பேரால் முடியும்?

அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்த மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவரானார். சித்தியின் சாவில் தொடங்கிய வேலை அக்கா பிள்ளையின் கைக்கு வந்தது. 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். ரத்த உறவு ஏதும் இல்லாதவர். ஆனாலும் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் தம் 93-ஆம் வயதில் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். 1968-ல் காலமான முத்துலட்சுமி, அந்தப் பொறுப்பு நல்ல கைகளில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மருத்துவமனையின் அதிகாரபூர்வப் பெயரோடு இன்றும் ஒட்டியிருப்பது மாதர் சங்கத்தின் பெயர்தான். அக்காவின் பெயர் அதில் இல்லை. தங்கையின் பெயரும் இல்லை. படுக்கைகள் 500-ஐத் தாண்டிவிட்டன. ஆந்திரத்திலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் தெரியும்: ஸ்கேன் படங்களும் ரிப்போர்ட்டுகளும் திணித்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போன தங்கையின் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஓர் அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.