பந்தயப் பாதைக்கு ஓர் ஆயத்தம்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி இலண்டனில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



‘நாற்பதுக்குப் பின் உடல்நலம்’ என்ற தலைப்பில் பேசும்படி செயற்குழு எங்களைக் கேட்டது. அதைப் பற்றிப் பேச இந்த மண்டபத்திலேயே எங்களை விடத் தகுதியானவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். ஆகவே தலைவியிடம் அனுமதி பெற்று, தலைப்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டோம். நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி முற்றிலும் புதிய ஒரு காரியத்துக்குத் தன் உடம்பை எப்படி ஆயத்தப்படுத்துகிறாள் என்பது பற்றிப் பேசப் போகிறோம். அந்தக் காரியம் மோட்டார் சைக்கிள். அதுவும் வீதியில் ஓடுவதல்ல. பந்தயப் பாதையில் ஓடுவது. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, வீட்டிலும் முதலில் சிரித்தார்கள், பிறகுதான் ஏசினார்கள்.

நாங்கள் என்றால் மூவர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவர் சில ஆண்டுகளாக ஓடுகிறோம். மூன்றாமவர் சென்ற வருடம்தான் லைசென்ஸ் எடுத்தார். இங்கே அதற்குக் கோட்பாட்டுப் பரீட்சையும் இரண்டு செய்முறைப் பரீட்சைகளும் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சடுதியாக நிறுத்திக் காட்டவேண்டும். அதே வேகத்தில் ஒரு தடையைச் சுற்றி விலகியும் காட்டவேண்டும். அவர் தேறிவிட்டார். வரும் கோடையில் முதல் தடவையாக ‘ட்ராக் டே’ ஒன்றுக்கு வரப்போகிறார்.

ட்ராக் டே என்றால் என்னவென்று பலர் கேட்டீர்கள். அது பந்தயம் அல்ல. பந்தயம் நடக்காத நாளில், கட்டணம் செலுத்தி, எங்கள் சொந்த மோட்டார் சைக்கிளை அந்தப் பாதையில் ஓடலாம். புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர் என்று மூன்று பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடவிடுவார்கள். ஒரு பிரிவு ஓடும்போது மற்றப் பிரிவுகள் தேநீர் குடிக்கும். பரிசு கிடையாது. ஒரு சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று அளப்பதற்கும் அனுமதிப்பதில்லை. எங்களுக்கு அது நல்ல ஆறுதல். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று தவணைக்குத் தவணை அடுக்கப்பட்டு வளர்ந்தவர்களல்லவா நாங்கள்?

நாங்கள் போகவிருப்பது கென்ற் பகுதியில் உள்ள பிரான்ட்ஸ் ஹட்ச். புல் தரையாக இருந்த அந்த இடத்துக்கு 1950 இல் தார் போட்டார்கள். அதன் சிறிய சுற்று ஏறக்குறைய 1.9 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ரியூசனுக்குப் போன தூரம்கூட இல்லை. ஆனால் தட்டையான இடமல்ல. பாடொக் ஹில் என்ற முதலாவது வளைவு வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கிணற்றுக்குள் இறங்குவதுபோல் கீழே இறங்கும். உள்ளே நுழையும்போது வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தோழியின் ஆயத்தம் முழுவதும் அந்த ஓர் இடத்துக்காகத்தான் என்றாலும் பொருந்தும்.

மோட்டார் சைக்கிளின் ஆயத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறோம், அது இலகுவானது. ரயரின் தவாளிப்பு, பிறேக் கட்டை, பிறேக் எண்ணெய், சங்கிலியின் இழுவை, கழன்றிருக்கக்கூடிய ஆணிகள், இவற்றை முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றவோ மடக்கவோ வேண்டும், விளக்குகளுக்குமேல் ரேப் ஒட்ட வேண்டும். விழுந்தால் கண்ணாடித் துண்டு பாதையில் சிதறக்கூடாது என்பதே காரணம். ஓட ஓட ரயர் சூடேறும், உள்ளேயுள்ள காற்றின் அழுத்தமும் ஏறும். எனவே வீதிக்கு அடிக்கும் அளவு காற்று அங்கே கூடிவிடும். அங்குள்ள ரயர்க்காரரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். காலையில் சத்தப் பரிசோதனையும் உண்டு. அளவுக்கு மேல் உறுமினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய வண்டி வேண்டியதில்லை. 2018 இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஆனா கராஸ்கோ உலகப் பட்டம் வென்றாரே, தார்ப் பாதையில் நடக்கும் தனிநபர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதற் பெண் அவர்தான், அவர் ஓடியது 400 சிசி கவாசாகி.

இனி உடுப்பு. இங்கே வைத்தியராகக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவோம்.

தலைக்கவசத்தின் கதையே வைத்தியர்களின் கதை. புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் வைத்தியராக இருந்த எரிக் கார்ட்னர், விழுந்தவர்களின் தலைக்காயங்களைப் பார்த்துச் சலித்து, கன்வஸ் துணியையும் அரக்கையும் கொண்டு ஒரு கவசம் செய்வித்தார். 1914 இல் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமானது. பிறகு 1935 இல், ‘அரேபியாவின் லோரன்ஸ்’ என்று பேர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களுக்கு விலகப்போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ். அவர் அந்த மரணத்தை அப்படியே விடவில்லை. இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் கட்டுரை வெளியிட்டார். பிரித்தானிய வீதிகளில் கவசம் சட்டமாக 1973 வரை சென்றது. பல ஆய்வுகளைத் திரட்டி 2008 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பு, கவசம் தலைக்காயத்தை ஏறக்குறைய 69 வீதமும் மரணத்தை 42 வீதமும் குறைக்கிறது என்று கணக்கிட்டது. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பலன் இருந்தால் நாங்கள் எல்லோரும் அதைக் காலையும் மாலையும் விழுங்கியிருப்போம்.

பந்தயப் பாதையில் முகத்தை முழுதாக மூடும் கவசம், தோல் அங்கி, முள்ளந்தண்டுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் சப்பாத்து எல்லாம் வேண்டும். தார் ஓர் அரம் போன்றது. ஜீன்ஸ் துணியை அது தேய்க்க எடுக்கும் நேரம் கண் இமைக்கும் நேரம்தான். அந்தக் காயங்களுக்குள் இருந்து சிறு கற்களைப் பொறுக்கி எடுத்த அனுபவம் எங்களில் இருவருக்கு உண்டு.

பெண்களுக்கென்று ஒரு விடயம். கடைக்காரர் ஒரே துண்டான தோல் அங்கியைத்தான் விற்கப் பார்ப்பார். வேண்டாம். மேலும் கீழும் தனித்தனியாக வந்து, இடுப்பைச் சுற்றி முழுவதும் சிப்பால் இணைக்கும் அங்கியை வாங்குங்கள். ஏனென்று மலசலகூடத்துக்குப் போகும்போது விளங்கும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென்று உடம்பு தணலாகுமே, அது தோல் அங்கிக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்குத் தெரியும். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் மேலங்கியைக் கழற்றி, நிழலில் இருந்து, தாகம் எடுக்க முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும் வயது என்பதால் எங்கள் தோழி அதையும் பரிசோதித்தார். வெள்ளெழுத்து வந்துவிட்டதே, வேகமானி மங்கலாகத் தெரிகிறதே என்று கவலைப்பட்டார். வேகமானியைப் பார்க்கத் தேவையே இல்லை என்று சொன்னோம்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முழு ஆயத்தத்திலும் கடினமான பகுதி இதுதான். மனிதர் எதை உற்றுப் பார்க்கிறார்களோ அந்தத் திசைக்கே கையும் உடம்பும் போகும். பயந்தவுடன் கண் பயத்துக்குரிய பொருளில் ஒட்டிக்கொள்ளும், பார்வை ஒடுங்கும், மூச்சு நின்றுவிடும், விரல்கள் கைபிடியை நெரிக்கும். வளைவின் வெளிப்புறத்துப் புல்லைப் பார்த்தால் புல்லுக்குள்தான் போவோம். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட்டு, தலையைத் திருப்பி, போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடம் வந்து சேருமுன்பே அடுத்த இடத்துக்குக் கண் போய்விட வேண்டும். வேகம் இருமடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று பௌதிகவியல் ரீச்சர் படிப்பித்தது இப்போதும் செல்லுபடியாகும்.

இதை எங்கள் தோழி வீட்டிலேயே பழகுகிறார். கதிரையில் இருந்து, கண்ணை மூடி, பாதையை மனதில் ஓடுகிறார். முழங்கால்கள் தாங்கியை இறுக்க, முழங்கைகள் தளர்ந்திருக்க, வளைவுக்கு நுழையும்போது மூச்சை வெளியே விடுகிறார். மூச்சு போய்க்கொண்டிருந்தால் கை இறுகாது. மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளிக்கு நாங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான்.

அவருக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. வேகத்தில் வலப்பக்கம் திரும்ப, வலக் கைபிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். பயிற்றுநர்கள் அதை விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் எடுப்பார்கள். லுமாலா சைக்கிளில் பின்னால் ஒரு தண்ணீர்க் கானும் முன்னால் புத்தகப் பையுமாக, மழைக்குக் குழி விழுந்த வீதிகளில் 1990களில் திரிந்த கைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். பெற்றோல் வராத அந்த ஆண்டுகளில், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய அண்ணாமாரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புகைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் இருந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். முன்னால் இருக்கத்தான் எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நாட்டிலும் பெண்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடவில்லை. புரூக்லண்ட்ஸில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓடியவர்களுக்குத் தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். அதை வாங்கிய பெண்கள் மூவர் மட்டுமே: புளோரன்ஸ் பிளெங்கிரன், பியட்ரிஸ் ஷில்லிங், தெரேசா வோலக். ஷில்லிங் 1934 இல் 106 மைல் வேகத்தில் ஓடினார். அவர் பொறியியலாளர். கீழ்நோக்கிப் பாயும்போது ஸ்பிட்பயர் விமானத்தின் இஞ்சின் நின்றுபோகும் கோளாறுக்கு, பின்னர் போர்க்காலத்தில், ஒரு சிறு உலோக வளையத்தால் வழி கண்டவரும் அவர்தான்.

‘பிள்ளைகள் இருக்கிற வயதில் இது என்ன விசர் வேலை?’ என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பொய் சொல்வதில்லை. இது ஆபத்தானது. சாதாரண வாகனக் காப்புறுதி பெரும்பாலும் அங்கே செல்லாது. எல்லாவற்றையும் வாசித்துக் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். எங்கள் தோழி கணவரோடும் பிள்ளைகளோடும் இருந்து கதைத்து, தனது உயிலையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பதிவு செய்தார். ஆனால் அந்தப் பாதையில் எதிரே பஸ் வராது, ஒழுங்கையிலிருந்து நாய் பாயாது, கதவைத் திறக்கும் கார் இல்லை, மூலைக்கு மூலை கொடி பிடிக்க ஆட்கள் நிற்கிறார்கள், அம்புலன்ஸ் ஆயத்தமாக நிற்கிறது. மஞ்சட் கொடி கண்டால் மெதுவாகி, ஒருவரையும் முந்தாமல் போக வேண்டும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, கவனமாகத் திரும்பி வர வேண்டும். காலைக் கூட்டத்தில் இதெல்லாம் சொல்லப்படும். அதற்கு வராதவர் ஓட முடியாது. முதற் சுற்றுகள் பயிற்றுநரின் பின்னால் மெதுவாகத்தான்.

ஊரில் இப்போது எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் ரீச்சர்மாரும் ஸ்கூட்டியில் போகிறார்கள். பார்க்கவே சந்தோசம். நாடி வாரைப் பூட்டாத கவசமும், சில்லுக்குப் பக்கத்தில் பறக்கும் சேலைத் தலைப்பும்தான் எங்களை வயிறு கலங்க வைக்கின்றன. தலைப்பைச் சொருகி, வாரைப் பூட்ட 10 செக்கன் போதும். சங்கம் இந்த நூற்றாண்டில் நல்ல கவசங்கள் சில நூறு வாங்கிக் கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். முதற் பணம் நாங்கள் மூவரும் போடுகிறோம்.

எங்கள் தோழியின் அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் போகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதாயிற்று. தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டாராம்: “பிள்ளை, பின்னால ஆர் வருவினம்?” நல்ல கேள்வி. அங்குள்ள விதியும் அதைப் பற்றியதுதான். முன்னால் போகிறவர் தன் பாட்டில் தன் வழியே போகலாம். முந்துகிறவர்தான் இடம் பார்த்து, பாதுகாப்பாக முந்த வேண்டும். பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்காதே என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம். முதலிரண்டு ஓட்டங்களிலும் பின்னால் நாங்கள்தான் வருவோம்.

பை கட்டியாயிற்று: தண்ணீர் ஆறு போத்தல், வாழைப்பழம், ரேப், காற்றழுத்தமானி, மருந்து விபரம் எழுதிய அட்டை, மாற்றுச் சப்பாத்து. முதல்நாள் இரவு எட்டு மணித்தியாலம் நித்திரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு களை வந்தால், கடைசி ஓட்டத்துக்குக் காசு கட்டியிருக்கிறோமே என்று பாராமல், மூவரும் ஒன்றாக நிறுத்திவிடுவதென்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். யார் முதலில் களைத்தாலும் சரி.