நிகழாத துன்பத்துக்கு ஒரு நிதி



சாலை என்று ஒன்று இருந்தால் அது என்றேனும் பழுதாகும். பழுதான பிறகு பணத்துக்கு அலைவதைக் காட்டிலும், முன்கூட்டியே அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது அறிவுடைய அரசாங்கத்தின் செயல். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1956-ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளுக்கென ஒரு தனிநிதி சட்டத்தின் வாயிலாக ஏற்பட்டது. பெட்ரோல் வரியிலிருந்து வரும் பணம் அந்த நிதியில் போய்ச் சேரும். சாலைக்கென்று வாங்கிய பணம் சாலைக்கே செலவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

1970-களின் பிற்பகுதியில், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் டாக்டர் ரே ஹெல்ஃபர் இத்தகைய நிதிகளைச் சுட்டிக் காட்டி ஒரு கேள்வி எழுப்பினார். சாலைக்குத் தனிநிதி உண்டென்றால் குழந்தைக்கு ஏன் இருக்கலாகாது என்பதே அக்கேள்வி. அவர் கருதியது குழந்தைகளுக்குப் பாலும் பள்ளிக்கூடமும் அளிக்கும் நிதியை அன்று. பெற்றோர் கையாலேயே குழந்தை அடிபடுவதையும், கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் வருமுன் தடுப்பதற்கான நிதியையே அவர் கருதினார். அந்த நிதியின் வரலாற்றையும், அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதையும், அதில் இன்னும் தீராத சிக்கல் யாது என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கேட்பதற்கு இனிய பொருள் அன்றுதான். ஆயினும் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் அமரப்போகும் மாணவர்கள் இதை அறியாமல் இருப்பது நன்றன்று.

இப்படியொரு துன்பம் உண்டென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கே நெடுங்காலம் ஆயிற்று. 1946-இல் டாக்டர் ஜான் காஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர் ஆறு பச்சிளங் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு குழந்தைகளுக்கும் மண்டையோட்டின் உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. அவர்களுடைய கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள் காணப்பட்டன. அவை எப்படி ஏற்பட்டன என்பதற்குப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை. எக்ஸ்ரே படம் பொய் சொல்லாது. ஆனால் படத்தைப் பார்த்த மருத்துவர்களின் மனம், ஈன்றவர்களே இதைச் செய்திருக்கக்கூடும் என்று நம்ப மறுத்தது. மேலும் 16 ஆண்டுகள் கழித்து, 1962-இல், டென்வர் நகரத்து டாக்டர் ஹென்றி கெம்ப்பியும் அவருடைய தோழர்களும் அதை வெளிப்படையாக எழுதினார்கள். அவர்கள் விசாரித்த மருத்துவமனைகளில் 71 மருத்துவமனைகள் விடையளித்தன. ஓராண்டில் அங்கு வந்த அடிபட்ட குழந்தைகள் 302. அவர்களுள் 33 பேர் மாண்டனர். 85 பேருக்கு மூளையில் நிலையான ஊனம் ஏற்பட்டது.

இந்தக் கட்டுரை நாட்டையே உலுக்கிற்று. 1967-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும், இத்தகைய ஐயம் எழுந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டன. ஐந்தே ஆண்டுகளில் 50 சட்டங்கள்! அவ்வளவு விரைவுக்கு ஒரு காரணம், தெரிவிக்கச் சொல்வதற்குக் கருவூலத்திலிருந்து அதிகப் பணம் எடுக்க வேண்டியதில்லை என்பதாக இருக்கலாம் என்பது என் எண்ணம். தெரிவித்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்வது? தெரிவிக்கும் நிலை வருவதற்கு முன்பே என்ன செய்திருக்கலாம்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் பணம் வேண்டும். 1971-இல் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய விரிவானதொரு குழந்தை வளர்ச்சி மசோதாவை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சன் அதை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பிவிட்டார். 1974 ஜனவரியில், செனட்டர் வால்ட்டர் மாண்டேலின் முயற்சியால், குழந்தைகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது. இதில் நிக்சன் கையெழுத்திட்டார். பரந்த உதவி வீழ்ந்தது. கொடுமை என்ற பெயரோடு வந்த குறுகிய உதவி பிழைத்தது.

ஹெல்ஃபரின் யோசனை இந்தச் சூழ்நிலையில்தான் பிறந்தது. தடுப்பு வேலைக்குரிய ஒரு பெருங்குறையை அவர் உணர்ந்திருந்தார். முறிந்த கையோடு ஒரு குழந்தை மருத்துவமனைக்கு வந்தால், அதற்குச் செலவிட மாட்டோம் என்று எந்தச் சட்டசபையும் சொல்லாது. முறியாத கையைக் காட்டிப் பணம் கேட்பது எப்படி? வரவு செலவுத் திட்டத்தில் இடுக்கண் வரும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது நிகழாத துன்பத்துக்கான செலவுதான். ஆகவே அந்தப் பணத்தைத் தனிப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். அதற்கான வருவாயும் தனி வழியில் வரவேண்டும்.

1980-இல் கான்சாஸ் மாநிலம் முதன்முதலாக இதைச் செய்தது. திருமண உரிமம் வாங்கும் தம்பதிகளிடம் வழக்கமான கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாகப் பெற்று, அதைக் குழந்தைகள் நிதியில் சேர்த்தார்கள். எவ்வளவு பொருத்தமான இடத்தில் கை நீட்டினார்கள், பாருங்கள்! பிற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. சில மாநிலங்கள் பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் கூட்டின. சில, வருமான வரிப் படிவத்தில் விரும்பியவர் நன்கொடை குறிப்பதற்கு ஒரு கட்டம் வைத்தன. சில, மோட்டார் வண்டிகளுக்குச் சிறப்பு எண் பலகை விற்றன. 1984-இல் மத்திய அரசாங்கம், இத்தகைய நிதி வைத்த மாநிலங்களுக்கு ஊக்கமானியம் தர முன்வந்தது.

இன்று அந்நாட்டில் நடைமுறையில் உள்ள சமூக அடிப்படைத் தடுப்பு மானியத்தின் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாநில ஆளுநரும் ஓர் அமைப்பைப் பொறுப்பாளராக நியமிக்கிறார். மத்திய அரசாங்கம் பங்கிடும் தொகையில் 70 விழுக்காடு, மாநிலத்தில் உள்ள 18 வயதுக்குட்பட்டோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மீதி 30 விழுக்காடு, அம்மாநிலம் பிற வழிகளில் எவ்வளவு பணம் திரட்டியது என்பதைப் பொறுத்தது. தானும் ஊன்றி நிற்பவனுக்கே கைகொடுப்போம் என்ற கொள்கை இது. பணக்கார மாநிலத்துக்கு இது எளிது, ஏழை மாநிலத்துக்கு அரிது என்ற குறையும் இதில் இல்லாமல் இல்லை. பொறுப்பாளர் அந்தப் பணத்தை ஊர்ச் சங்கங்களுக்கும் குடும்ப நிலையங்களுக்கும் சிறு சிறு மானியங்களாகப் பிரித்தளிக்கிறார்.

இவ்வளவு ஏற்பாடும் எதை வாங்குவதற்கு? மருந்தோ இயந்திரமோ அன்று. பெரும்பாலும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதைத்தான் வாங்குகிறார்கள். இதற்கு மிகச் சிறந்த சான்று, நியூயார்க் மாநிலத்தில் உள்ள எல்மைரா என்ற சிறிய ஊரில் கிடைத்தது. தொழில் நலிந்து, வறுமை மிகுந்திருந்த வட்டாரம் அது. டேவிட் ஓல்ட்ஸ் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், முதற் குழந்தையை எதிர்நோக்கியிருந்த 400 பெண்களைத் திரட்டினார்கள். பெரும்பாலோர் இளவயதினர், அல்லது மணமாகாதவர், அல்லது வறியவர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினர் வீட்டுக்கு மட்டும் பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பினார்கள். கருவுற்றிருந்த காலத்தில் சராசரியாக 9 முறையும், குழந்தை பிறந்து இரண்டு வயது நிறையும் வரை 23 முறையும் நர்ஸ் சென்று வந்தார்.

அப்படிச் சென்றவர் செய்தது யாது? கருவுற்றவள் என்ன உண்ண வேண்டும், புகைப்பதை எப்படி விடுவது, குழந்தை ஓயாது அழுதால் அது பிடிவாதமன்று, பசியோ வலியோ அச்சமோதான் என்று எப்படி அறிவது என்பனவற்றையெல்லாம் பேசினார். அந்தப் பெண்ணின் தாயையும் தோழியையும் கணவனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மேற்கொண்டு படிக்கவும் வேலை தேடவும் வழி சொன்னார். நம் நாட்டில் முதற் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டவும், இரவில் எழுந்து தூக்கவும், இளந்தாயைச் சற்று உறங்கச் செய்யவும் அங்கே ஒரு கை உண்டு. அத்தகைய கை இல்லாத வீட்டில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நள்ளிரவில் அழும் குழந்தையோடு தனியே இருப்பதை எண்ணிப் பாருங்கள். நர்ஸின் வருகை எதற்கு ஈடாக வந்தது என்பது விளங்கும்.

பலன் என்ன? வறுமை, மணமாகாமை, இளவயது ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த தாய்மாருள், நர்ஸ் செல்லாத வீடுகளில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 100-க்கு 19 வீதம் குழந்தைக்குத் துன்பமோ புறக்கணிப்போ நேர்ந்ததாகப் பதிவாயிற்று. நர்ஸ் சென்ற வீடுகளில் அது 100-க்கு 4. இந்தப் பிரிவில் இருந்த தாய்மார் சிலரே. ஆகையால் இந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ளுதல் தகாது. ஆனால் 15 ஆண்டுகள் கடந்தபின் எல்லோரையும் மீண்டும் தேடிப் பிடித்து, 1997-இல் வெளியிட்ட ஆய்விலும், இரண்டாண்டு வரை நர்ஸ் சென்று வந்த குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்ட புகார்கள் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து மற்றொரு செய்தியும் வெளிவந்தது. கணவனோ துணைவனோ பெண்ணை அடிக்கடி அடிக்கும் வீடுகளில் நர்ஸின் வருகை குழந்தையைக் காக்கவில்லை. தாய்க்குக் கற்பித்தது போதும், வீட்டில் உள்ள பிறரைப் பற்றிக் கவலை வேண்டா என்று எண்ணியவர்களுக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இங்கிலாந்தில் இதே முறையை இளந்தாய்மாரிடையே செய்து பார்த்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த முக்கியப் பயன்கள் எவையும் கிட்டவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவச்சியும் சுகாதார நர்ஸும் பொதுச் செலவில் முன்பே கிடைக்கிறார்கள். ஆகவே புதியவர் கூட்டிய பயன் சிறிது என்று விளக்கம் கூறுகிறார்கள். இவ்விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. மானியம் கொடுப்பவர்கள், வேறோர் ஊரில் வெற்றி பெற்ற திட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு மயங்குதல் கூடாது. தம் ஊரில் எது இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வீடு தேடிச் செல்வது மட்டுமன்றி வேறு முறைகளும் உண்டு. தன் குழந்தையைத் தானே துன்புறுத்திவிடுவோமோ என்று அஞ்சிய கலிபோர்னியாத் தாய் ஒருத்தி, உதவி தேடி அலைந்து, கடைசியில் லெனார்ட் லீபர் என்ற சமூக ஊழியரின் துணையோடு தன்னைப்போன்ற பெற்றோரின் சிறு கூட்டம் ஒன்றைத் தொடங்கினாள். 1970-ஐ ஒட்டி எழுந்த அந்தக் கூட்டம், பெயர் சொல்லாப் பெற்றோர் சங்கமாக நாடெங்கும் பரவிற்று. பொறுமை எல்லை மீறும் வேளையில் குழந்தையைச் சில மணி நேரம் கேள்வியின்றி ஒப்படைத்துச் செல்வதற்கான காப்பகங்களும் பல ஊர்களில் தோன்றின.

கேள்வியின்றி என்று சொன்னேன். அங்கேதான் இந்த முயற்சியின் உயிர்நிலை இருக்கிறது. உதவி கேட்டு வரும் தாய்க்கு ஓர் அச்சம் உண்டு: என்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ? உதவ வரும் நர்ஸும் ஐயம் எழுந்தால் தெரிவிக்கக் கடமைப்பட்டவரே. அந்தக் கடமை வேண்டுவதே. அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆயினும் உதவியின் வாசலும் விசாரணையின் வாசலும் ஒன்றே என்று ஊரார் எண்ணிவிட்டால், உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களே அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஊர்ச் சங்கங்களுக்குச் சிறு மானியம் அளிப்பதன் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. விசாரிக்கும் இலாகாவின் பெயர்ப்பலகை இல்லாத இடத்தில், அறிமுகமான முகத்திடம், ஒரு தாய் தன் களைப்பைச் சொல்லலாம்.

இன்னொன்று. அமெரிக்காவில் உறுதிசெய்யப்படும் நேர்வுகளில் நாலில் மூன்று பங்கு அடி உதை அன்று, புறக்கணிப்பு. புறக்கணிப்பு என்று எழுதப்படுவனவற்றுள் வறுமையையும் மனக்கொடுமையையும் பிரித்தறிவது எளிதன்று. குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர் உயர்ந்தபோது புறக்கணிப்புப் புகார்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தன என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. கூலி கொடுக்காமல் வகுப்பு மட்டும் நடத்துவது, பசித்தவனுக்குச் சமையற் கலையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதை ஒக்கும்.

தொகையின் அளவையும் பார்ப்போம். நான் சொன்ன சமூக அடிப்படைத் தடுப்பு மானியத்துக்கு 2023 நிதியாண்டில் ஒதுக்கப்பட்டது சுமார் 7 கோடி டாலர். 2020 மக்கட்கணக்கின்படி அந்நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் 7 கோடியே 30 லட்சம் பேர். குழந்தை ஒன்றுக்கு ஒரு டாலர்கூட இல்லை. வீடு தேடிச் செல்லும் திட்டங்களுக்கு 2010-ஆம் ஆண்டின் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டாலர் அளித்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மறுபுறத்தில், குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து வளர்ப்பு இல்லங்களில் வைப்பதற்கு மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் செலவிடுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் காப்பதற்கும் பயன்படுத்தலாம் என்று 2018-இல்தான் சட்டம் இடங்கொடுத்தது.

சங்கத்தை நடத்துவோரின் தொல்லை வேறு வகைப்பட்டது. மானிய விண்ணப்பம் பயனை எண்ணால் காட்டச் சொல்கிறது. எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதலாம். வராமற்போன இரவு எத்தனை, ஓங்கிய கை தாழ்ந்த வேளை எத்தனை என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? எல்மைராவைப் போலப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கப் பணமும் பொறுமையும் உள்ளவர் எத்தனை பேர்? மானியத்தின் ஆண்டோ ஒரு குறித்த தேதியில் முடிந்துவிடும். புதுப்பிக்கும் கடிதம் தாமதமானால், பயிற்சி பெற்ற ஊழியர் சம்பளம் நிச்சயமான வேறு வேலைக்குப் போய்விடுவார். கருவுற்ற நாளிலிருந்து அவரை எதிர்பார்த்துப் பழகிய பெண்ணின் கதவை, குழந்தை தவழத் தொடங்கும் மாதத்தில், முன்பின் அறியாத ஒருவர் வந்து தட்டுவார். அல்லது ஒருவரும் வரமாட்டார்.