குடியேறியோரின் பேரர்கள்



வேற்று நாட்டிற் குடியேறுவோரைப் பற்றி ஒரு நம்பிக்கை உலகெங்கும் உண்டு. தந்தை கூலி வேலை செய்வார். மகன் பள்ளியிற் பயின்று ஒரு படி உயர்வான். பேரன் அந்நாட்டாரோடு முற்றும் ஒன்றிவிடுவான் என்பதே அது. அமெரிக்காவிற் குடியேறிய இத்தாலியர், போலந்து நாட்டார் ஆகியோரின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்டுவர். மெக்சிகோவிலிருந்து சென்றவர்க்கும் இது பொருந்துமா?

1992-ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், பழைய நூலகக் கட்டடத்தை நில நடுக்கத்தைத் தாங்குமாறு வலுப்படுத்தினர். அப்பொழுது தூசி படிந்த பெட்டிகள் சில வெளிப்பட்டன. 1965-ஆம் ஆண்டையொட்டி லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ என்னும் இரு நகரங்களில் மெக்சிகோ மரபினர் 1,576 பேரைக் கேட்டு நிரப்பிய வினாத்தாள்கள் அவற்றில் இருந்தன. பழைய தாள் என்றால் எடைக்குப் போட்டுவிடும் நம்மவர் கையில் அவை கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்! எட்வர்ட் டெல்லஸ், வில்மா ஓர்ட்டிஸ் என்னும் சமூகவியல் பேராசிரியர் இருவர், அம்மக்களையே மீண்டும் தேடிக் காண்பது எனத் துணிந்தனர்.

முப்பத்தைந்து ஆண்டுகளில் முகவரிகள் மாறும்; மணமான பெண்களின் குடும்பப் பெயரும் அந்நாட்டிற் பெரும்பாலும் மாறும். ஆயினும் பழையவர்களுள் 684 பேரையும், அவர்தம் மக்கள் 758 பேரையும் கண்டு வினவினர். இத்துணைத் தொல்லை எதற்கு, குடிக்கணக்கைப் பார்த்தால் போதாதா என நீங்கள் கேட்கலாம். போதாது. மரபு என்ன என்று கேட்டால் கலப்பு மணத்திற் பிறந்த பேரன் 'மெக்சிகோ' என்று சொல்லாமலும் இருக்கலாம். உயர்ந்தவர்கள் அவ்வாறு நழுவிவிட்டால், எஞ்சியோரைக் கொண்டு எடுக்கும் கணக்குப் பிழைபடும். ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து சென்றால் எவரும் நழுவ இயலாது.

அவர்கள் முடிவு 2008-ல் நூலாக வெளிவந்தது. குடியேறியவரை நோக்க, அவர் மக்கள் கல்வியில் வெகுவாக உயர்ந்திருந்தனர். ஆனால் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இரண்டாம் தலைமுறையினரை விஞ்சவில்லை. ஏற்றம் அங்கேயே நின்றுவிட்டது. மொழிக் குறைதான் காரணம் என்று எளிதிற் கூறிவிடுவோர் ஆசிரியருள்ளும் உண்டு. அக்காரணம் இங்குச் செல்லாது. பேரர்களுக்கு ஆங்கிலம் இயல்பாகவே வந்தது. பலரிடம் மங்கிவந்தது ஸ்பானிய மொழியே. ஆராய்ச்சியாளர் இருவரும் சுட்டிக் காட்டியது பள்ளிக்கூடங்களை.

அவற்றின் நிலைக்கு ஒரு வழக்கே சான்று. சான் அன்டோனியோவில் மெக்சிகோ மரபினர் மிகுந்த எட்ஜ்வுட் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு, 1967-68-ல் மாணவர் ஒருவருக்குக் கிடைத்த தொகை 356 டாலர். அதே நகரத்தைச் சார்ந்த செல்வர் வட்டாரமாகிய அலாமோ ஹைட்ஸில் 594 டாலர். வட்டாரத்துச் சொத்து வரியைப் பொறுத்துப் பள்ளி வருவாய் அமைந்ததால் விளைந்த வேறுபாடு இது. எட்ஜ்வுட் வட்டாரத்தார் வரிவீதம் குறைத்துச் செலுத்தினர் என எண்ணற்க. அவர்கள் வீதமே மிகுதி, வீடுகளின் மதிப்பே குறைவு. 1968-ல் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அமெரிக்க உச்ச நீதி மன்றம் 1973-ல், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால், அம்முறை நாட்டின் அரசியல் சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்த்தது. பின்னர் எழுந்த மற்றொரு வழக்கில், மாநில அரசியல் சட்டப்படி அது செல்லாது என டெக்சாஸ் உச்ச நீதி மன்றம் கூறிய ஆண்டு 1989. முதல் வழக்கின்போது ஆறு வயதில் முதல் வகுப்பிலிருந்த குழந்தைக்கு, அவ்வாண்டில் வயது இருபத்தேழு.