கொழுப்புச் சிமிழில் மருந்து
(ஸ்ரீவராகத்தில் நடந்த ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஸ்ரீவராகம் குளத்தில் ஒரு துளி எண்ணெயை விட்டால், அது பரந்து மிதக்குமேயன்றி நீரோடு கலவாது. லெசிதின் என்னும் கொழுப்பின் இயல்போ வேறு. அதன் தலை நீரை நாடும். இரு வால்களும் நீருக்கு அஞ்சும். ஆகவே நீரிலிட்டால் வால்களை உள்ளே மறைத்து, ஈரடுக்குச் சுவராகி, நுண்குமிழாய் மூடிக்கொள்ளும். இதனை லிபோசோம் என்பர். நாம் கொழுப்புச் சிமிழ் என்போம். முட்டையின் மஞ்சட்கருவில் லெசிதின் மிகுதி. மரக்கறி உண்போர் முகஞ்சுளிக்க வேண்டா, சோயாவிலும் உண்டு.

1960-களில் இங்கிலாந்தில் இக்குமிழ்களைக் கண்டு விளக்கியவர் அலெக் பாங்காம். அவர் பெயரால் வழங்கும் முறை எளியது. கொழுப்பையும் மருந்தையும் குளோரோபாரம் போன்ற கரைப்பானிற் கரைத்து, உருண்டைக் குடுவையிலிட்டுச் சுழற்றியவாறே கரைப்பானை ஆவியாக்கினால், தோசைக்கல்லில் தடவிய எண்ணெய்போல் மெல்லிய ஏடு படியும். சற்றே சூடான நீர்விட்டுக் குலுக்க, ஏடு உரிந்து குமிழ்களாகும். அவை பெரிதும் சிறிதுமாயிருக்கும். எனவே நுண்துளைச் சல்லடை வழியே அழுத்திச் செலுத்தி, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிற்குக் கொணர்வர்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஏற்றும்போதே குளிர்காய்ச்சலும் காணும். சிமிழில் ஏற்றினால் அவ்வூறு பெரிதும் குறைகிறது. (இம்மருந்து சிமிழின் உள்ளே அன்று, சுவரிலேயே பதிந்திருக்கும், நாம் இட்ட பெயர் இங்கே முற்றும் பொருந்தவில்லை!) வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் ஆராய்ந்த பி. கே. பச்சாவத் அவர்கள், பின்னர்த் தில்லியில் இருந்தபோது இதனை நம் நாட்டிலேயே ஆக்க வழிகண்டார்.

பீகாரின் முசாபர்பூரில் காலா-அசார் நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. பழைய முறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை மருந்தேற்ற வேண்டும். சிமிழ் மருந்தோ ஒரே முறை. இரண்டிலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாயினர். கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற வீட்டில், அந்த ஒரு திங்கள் மிச்சமாவது எத்துணைப் பெரிது!

விலைதான் இடர், போதிய அளவு கிடைப்பதும் அரிது. 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது நாடெங்கும் இக்குப்பிகளுக்குத் தட்டுப்பாடு. பழைய மருந்தையே ஏற்றி, சிறுநீரகம் தாங்குமா என்று இரத்தம் சோதித்துக் காத்திருந்த குடும்பங்கள் பல.

அடுத்துச் சிறுவர் நாடகம் காத்திருக்கிறது.