நிலப்படமும் நம் ஊர்க் கால்வாயும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ளது கும்மிடிப்பூண்டி. ஒருபுறம் சிப்காட் வளாகத் தொழிற்சாலைகள். மறுபுறம் ஏரிப் பாசன வயல்கள். இத்தகைய இடத்தில் மனை எது, வரத்துக் கால்வாய் எது என்பது ஐயமறத் தெரிதல் வேண்டும். கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடில் நடவும் இல்லை.

இஸ்ரோ நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் 'புவன்' என்னும் நிலப்படத்தை இணையத்தில் அளித்தது. கணினியில் அதனைப் பெரிதாக்கினால் நம் ஊர் ஏரியும் சாலையும் புலனாகும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் அமைந்த குளம், தடுப்பணை முதலியன 2016 ஆம் ஆண்டிலிருந்து அதில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டன. புள்ளியைத் தொட்டால் அப்பணியின் விவரமும் புகைப்படமும் தோன்றும். பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்தது, இடமாகக் கண்முன் நிற்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் விலகக்கூடும். கால்வாயின் அகலமே சில மீட்டர்தானே! அதற்கு இட்ட புள்ளி பக்கத்துச் சர்வே எண்ணில் விழுந்துவிடலாம். ஆதலின் ஒவ்வொரு புள்ளியையும் கிராமப் புலப்படத்துடன் ஒப்பிட்டு, எல்லைக் கல்லருகே நேரில் நின்று சரிபாருங்கள். பின்னர்க் கிராம சபையில் அனைவரும் காணக் காட்டுங்கள். ஊரறிந்த கால்வாயை எவரும் எளிதில் மறைக்க இயலாது.